ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் மாத்தியாச்சு, ஆம்மீட்டர் ஊசி இன்னும் ஆடுது: எங்க தேடுறது?

அடுத்த கேள்விக்கு வரலாம். நாலு சீட் விமானம், 28 வோல்ட் சிஸ்டம், பெல்ட்டுல ஓடுற 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர். விமானம் வச்சிருக்கிற ஒருத்தர் கேட்டிருக்கிறது இது: "பறக்கும்போது ஆம்மீட்டர் ஊசி இடதும் வலதுமா ஆடுது. லேண்டிங் லைட் போட்டா ஆட்டம் ஜாஸ்தியாகுது. சில நேரம் லோ வோல்டேஜ் லைட் எரிஞ்சு சார்ஜ் சுத்தமா நின்னுடுது. ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைச்சுத் திரும்பப் போட்டா வந்துடுது. ஆல்டர்னேட்டரை மாத்தியாச்சு, ரெகுலேட்டரையும் மாத்தியாச்சு. இனி எதை மாத்தணும்?"

இப்போதைக்கு எதையும் மாத்த வேண்டாம். மல்டிமீட்டரை எடுங்க.

நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. சுவிட்சை அணைச்சுப் போட்டா சார்ஜ் திரும்புதுன்னு சொல்றீங்க. பெல்ட் அறுந்திருந்தா, இல்ல ரோட்டர் சுருள் எரிஞ்சிருந்தா, எத்தனை தடவை சுவிட்சைத் தட்டினாலும் வராது. தட்டினதும் வருதுன்னா பெரும்பாலும் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்புதான் ஃபீல்டை, அதாவது ரோட்டர் சுருளைக் காந்தமாக்குற சின்ன கரண்டை, வெட்டியிருக்கு. 28 வோல்ட் சிஸ்டத்துல அது சுமார் 32 வோல்ட்டுல வெட்டும், 14 வோல்ட் சிஸ்டத்துல சுமார் 16ல. அப்போ உங்க விமானத்துல நடக்கிறது வோல்டேஜ் குறையறது இல்ல. ஒரு கணம் எக்கச்சக்கமா ஏறுது, பாதுகாப்பு வெட்டுது, அதுக்கு அப்புறம்தான் லோ வோல்டேஜ் லைட் எரியுது. லைட்டை மட்டும் பார்த்தா "ஆல்டர்னேட்டர் போச்சு"ன்னுதான் தோணும். நல்ல ஆல்டர்னேட்டர்களைக் கழட்டிப் போடறதுக்கு இந்த லைட்தான் பாதிக் காரணம்.

ஏன் ஏறுதுன்னு புரியணும்னா ஃபீல்டு கரண்ட் போற வழி தெரியணும். எல்லா சர்க்யூட்டும் கரண்ட் எடுக்கிற பொதுப் பட்டையான பஸ் பார்ல கிளம்புது. 5 ஆம்ப் ஃபீல்டு சர்க்யூட் பிரேக்கர் வழியா மாஸ்டர் சுவிட்சோட ஆல்டர்னேட்டர் பாதிக்கு வருது (இன்னொரு பாதி பேட்டரிக்கு). அங்கிருந்து ஓவர் வோல்டேஜ் ரிலே (மேல சொன்ன பாதுகாப்பு இதுதான்), அப்புறம் ஃபீல்டைக் கூட்டிக் குறைச்சு வோல்டேஜை நிலையா வைக்கிற ரெகுலேட்டர், கடைசியா ஆல்டர்னேட்டரோட எஃப் (ஃபீல்டு) டெர்மினல். உள்ள பிரஷ், ஸ்லிப் ரிங், ரோட்டர் சுருள், அதோட எர்த். விமானத்துக்கு விமானம் வரிசை கொஞ்சம் மாறும், உங்க வயரிங் படத்தை விரிச்சு வச்சுக்கங்க. ஆனா பழைய டிசைன் பலதுல ஒரு பொது விஷயம் இருக்கு: ரெகுலேட்டர் ஃபீல்டுக்குக் கரண்ட் எடுக்கிறதும் அந்த ஒரே வயர்லதான், பஸ் வோல்டேஜ் எவ்வளவுன்னு பார்க்கிறதும் அதே வயர்லதான்.

சிக்கல் இங்கதான். அந்த வழியில எங்கயோ 0.2 ஓம் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் வந்திருக்குன்னு வைங்க. தேய்ஞ்ச சுவிட்ச் காண்டாக்ட், பச்சை பூத்த லக் (வயர் முனையில இருக்கிற உலோகக் காது), எதுவா வேணா இருக்கலாம். ஃபீல்டுல 2.5 ஆம்ப் ஓடினா அந்த இடத்துல அரை வோல்ட் விழுந்துடும். பஸ்ல நிஜமா 28 இருந்தாலும் ரெகுலேட்டர் கண்ணுக்கு 27.5தான் தெரியும். சரி, அரை வோல்ட் எப்பவும் ஒரே மாதிரி குறைஞ்சா செட்டிங்கை மாத்திச் சமாளிச்சுடலாம். ஆனா அது ஒரே மாதிரி இருக்காது. லேண்டிங் லைட் போடறீங்க. 250 வாட் பல்புன்னா சுமார் 9 ஆம்ப் திடீர்னு கூடுது. பஸ் லேசா இறங்குது, ரெகுலேட்டர் ஃபீல்டைக் கூட்டுது. ஃபீல்டு கூடினதும் அந்த மோசமான ஜாயின்ட்ல இழப்பும் கூடுது. ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் இன்னும் இறங்கின மாதிரி தெரியுது, இன்னும் கூட்டுது. பஸ் எகிறிடுது. அப்புறம் ரெகுலேட்டர் வெட்டுது, கரண்ட் நின்னதும் இழப்பும் மறைஞ்சுடுது, அதுக்கு வோல்டேஜ் ரொம்ப அதிகமா தெரியுது, தேவைக்கு மேல வெட்டுது. இப்படியே மேலயும் கீழயும் ஊஞ்சலாட்டம். ஊசி ஆடறது இதனாலதான். ஆட்டத்துல ஒரு முனை 32ஐத் தொட்டுச்சுன்னா பாதுகாப்பு வெட்டிடும். ரெகுலேட்டர் தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யுது, அதுக்குக் கிடைக்கிற தகவல்தான் தப்பு. அதனாலதான் புதுசு போட்டும் தீரல.

இப்போ அளக்கிற விதம். இன்ஜின் ஓடவே வேண்டாம், இந்தச் சோதனையில எனக்குப் பிடிச்சதே அதுதான். பேட்டரி 24, 25 வோல்ட்லதான் இருக்கும், ரெகுலேட்டர் 28க்குக் காத்துக்கிட்டு இருக்கும். அதனால மாஸ்டர் ரெண்டு பாதியையும் போட்டதுமே அது ஃபீல்டுக்கு முழுக் கரண்டையும் அனுப்பும். மோசமான ஜாயின்ட் தன்னை முழுசா காட்டிக்கிற நிலைமை அது.

அதுக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கட்டை வைங்க, மேக்னெட்டோ (இன்ஜினுக்குப் பொறி தர்ற கருவி) சாவியை எடுத்துப் பாக்கெட்ல போடுங்க, மிக்ஸ்ச்சர் கட் ஆஃப் (எரிபொருள் நிறுத்தம்), த்ராட்டில் மூடி, ரேடியோ எல்லாம் ஆஃப். புரொப்பெல்லர் வட்டத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. மேக்னெட்டோவோட எர்த் வயர் விட்டிருந்தா சாவி வெளியில இருந்தாலும் இன்ஜின் பத்திக்கும்.

மீட்டரை டிசி 2 வோல்ட் ரேஞ்சுல வைங்க. ஒரு முனை பஸ் பார்ல, இன்னொரு முனை ரெகுலேட்டரோட உள்வரும் டெர்மினல்ல. ரெண்டுமே பாசிட்டிவ் பக்கம், எர்த்ல எதுவும் இல்ல. இப்போ காட்டறது அந்த வழியில மொத்தமா தொலையற வோல்டேஜ். 0.1, 0.2க்குள்ள இருந்தா நல்லா இருக்கு. 0.5 இருந்தா திருடன் உள்ள இருக்கான். 1 வோல்ட்டுக்கு மேல இருக்கிற விமானங்களும் பறந்துக்கிட்டுதான் இருக்கு. இப்போ ஒவ்வொரு துண்டா பிரிச்சு அளங்க: பிரேக்கரோட ரெண்டு காலுக்கு நடுவுல, சுவிட்சோட ரெண்டு காலுக்கு நடுவுல, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) கனெக்டரோட இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ரிலேல உள்ளே வெளியே. எந்தத் துண்டுல எண் குதிக்குதோ அங்கதான் வேலை. அளக்கும்போதே சுவிட்சை லேசா அசைச்சுப் பாருங்க, வயரைப் பிடிச்சு ஆட்டுங்க, எண் ஓடுதான்னு கவனிங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போட்டு வைக்காதீங்க, சுத்தாத ரோட்டருக்குக் காத்து கிடையாது, சூடாகும்.

பெரும்பாலும் மாட்டுறது மாஸ்டர் சுவிட்சோட ஆல்டர்னேட்டர் பாதி. வருஷக்கணக்கா ஃபீல்டு கரண்டை வெட்டி வெட்டி காண்டாக்ட் பொறி பட்டுக் கருகியிருக்கும். ஸ்ப்ரே அடிச்சா ஒரு மாசம் ஓடும், அவ்வளவுதான், சுவிட்சையே மாத்திடுங்க. பிரேக்கர்ல இழப்புன்னா, மாஸ்டரை அணைச்சுட்டு இழுக்கிற வகைப் பிரேக்கரைப் பத்துத் தடவை இழுத்து அழுத்துங்க, ஆக்சைடு உரசிப் போகும். அப்பவும் குறையலன்னா மாத்தணும். லக்ல இழப்பு இருந்தா நட்டை இறுக்கறது மட்டும் போதாது, கழட்டி உலோகம் பளிச்சுனு தெரியற வரைக்கும் துடைச்சு மாட்டணும். லக் வயரைக் கவ்வுற இடத்துல, அதாவது கிரிம்ப்புக்குள்ள, கறுப்பா இருந்தா வெட்டிப் புது லக்.

பாசிட்டிவ் பக்கம் சுத்தம்னா எர்த்தை மறந்துடாதீங்க. ரெகுலேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளங்க, 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ரெகுலேட்டரோட எர்த் சரியா பிடிக்காம அங்க வோல்டேஜ் ஏறி நின்னாலும் அதுக்கு வோல்டேஜ் குறைவாத்தான் தெரியும், விளைவு அதேதான். பெயின்ட் மேல ஸ்குரூ போட்டிருப்பாங்க, அதைச் சுரண்டி மாட்டினாலே சரியாகிறது உண்டு. இன்ஜினுக்கும் உடம்புக்கும் போற பட்டையான எர்த் பின்னலையும் பாருங்க. அது அறுந்தா ஸ்டார்ட்டர் கரண்ட் த்ராட்டில், மிக்ஸ்ச்சர் கேபிள் வழியா போய் கேபிளையே சூடாக்கும்.

சில விமானங்கள்ல வோல்டேஜ் பார்க்கிறதுக்குத் தனி சென்ஸ் வயர் இருக்கும். அதுல கரண்ட் மிகக் குறைவு, அதனால இழப்பும் குறைவு. ஆனா அது லூஸா இருந்தா ரெகுலேட்டர் "வோல்டேஜே இல்ல"ன்னு நினைச்சு முழு ஃபீல்டு கொடுத்துடும். ஆட்டமே இல்லாம நேரா ஓவர் வோல்டேஜ் ட்ரிப் ஆகிற விமானத்துல இந்த வயரை முதல்ல சந்தேகப்படுங்க.

ஒண்ணு கண்டிப்பா செய்யாதீங்க. ரெகுலேட்டரை ஒதுக்கிட்டு எஃப் டெர்மினலுக்கு நேரா பேட்டரி கொடுத்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் கார்ல உண்டு. இங்க கட்டுப்பாடில்லாம ஏறுற வோல்டேஜ் ரேடியோ, ட்ரான்ஸ்பாண்டர் எல்லாத்தையும் கொண்டு போயிடும். அதே மாதிரி இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழட்டறதும் கூடாது.

இதே கேள்வியோட இன்னொரு வடிவத்தையும் நிறைய பேர் கேக்கறாங்க: ஊசி ஆடல, சார்ஜே வரல. அதுக்கு வழி இன்னும் சுருக்கம். முதல்ல ஆம்மீட்டர் எந்த வகைன்னு பாருங்க. நடுவுல பூஜ்யம் இருக்கிற மீட்டர்ல பூஜ்யத்துக்குக் கொஞ்சம் வலதுல நிக்கறது ஆரோக்கியம். இடது ஓரத்துல பூஜ்யம் இருக்கிற லோடு மீட்டர்ல பூஜ்யம் காட்டினா ஆல்டர்னேட்டர் ஒண்ணும் தரலைன்னு அர்த்தம். அப்புறம் இன்ஜின் நிறுத்தி, மேல சொன்ன அதே பாதுகாப்போட, எஃப் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளங்க. பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்துல, ஒரு வோல்ட் குறைவா இருந்தா ரெகுலேட்டர் வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம்: தேய்ஞ்ச பிரஷ், அறுந்த ரோட்டர் சுருள், டயோடு, இல்ல வெளிய போற தடிமனான வயர். வோல்டேஜே இல்லைன்னா பஸ்ஸை நோக்கிப் பின்னால நடங்க. எஃப் டெர்மினல்ல போற சின்ன வயரைக் கையால இழுத்துப் பாருங்க. இன்ஜின் அதிர்வுல அது லக்கோட கழுத்துல, இன்சுலேஷனுக்கு உள்ளயே அறுந்திருக்கும், வெளியில பார்த்தா முழுசா இருக்கும். ஃபீல்டு பிரேக்கர் போட்டதுமே துள்ளினா, அந்த வயர் எங்கயாவது உடம்புல உரசுது, இல்ல சத்தம் வடிகட்டற கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கு.

லோடு கம்மியா இருக்கும்போது சரி, எல்லாத்தையும் போட்டா மட்டும் இறங்குதுன்னா பெல்ட், இல்ல ஒரு டயோடு. பெல்ட் வழுக்கினா புல்லி சுத்தி கறுப்புப் பொடி படிஞ்சிருக்கும். லைகமிங் இன்ஜின்ல 3/8 அங்குல பெல்ட்டுக்கு, ஆல்டர்னேட்டர் புல்லி நட்டுல டார்க் ரெஞ்ச் போட்டா புது பெல்ட் 11 முதல் 13 அடி பவுண்டுல வழுக்கணும், பழசு 7 முதல் 9ல. புதுசு போட்டா 25 மணி நேரத்துல திரும்பப் பாருங்க, நீண்டிருக்கும். அதிகமா இறுக்கினா பேரிங் போயிடும். டயோடு போயிருந்தா ஹெட்செட்ல ஒரு கீச்சுச் சத்தம் வரும், இன்ஜின் வேகத்தோட அதுவும் ஏறி இறங்கும். இன்ஜின் ஓடும்போது பஸ்ல ஏசி வோல்டேஜ் அளந்தா அரை வோல்ட்டுக்கு மேல வந்தா ஆல்டர்னேட்டரைப் பிரிச்சுத்தான் ஆகணும்.

இதெல்லாம் தரையில. மேல இருக்கும்போது லைட் எரிஞ்சா உங்க விமானக் கையேடு சொல்ற மாதிரி ஒரே ஒரு தடவை ரீசெட். திரும்ப வெட்டினா விட்டுடுங்க, நிஜமாவே ஏதோ ஒண்ணு வோல்டேஜை ஏத்துது. லேண்டிங் லைட், பிடோ ஹீட் (வேகம் அளக்கிற குழாயைச் சூடாக்கறது) மாதிரி பெரிய லோடை, அந்த நேரத்துக்குத் தேவையில்லைன்னா அணைச்சுட்டுப் பக்கத்துல இறங்கற வழியைப் பாருங்க. மேக்னெட்டோ இன்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும், ஆனா எலெக்ட்ரிக் ஃபிளாப், ரேடியோ ஓடாது. பழைய பேட்டரி அரை மணி தாங்கும்னு கூட நம்பாதீங்க.

கேட்டவருக்குக் கடைசியா ஒண்ணு. சுவிட்சோ லக்கோ மாத்தி இழப்பு 0.2க்குள்ள வந்ததும், முழு சார்ஜ் ஏறின பேட்டரியோட இன்ஜினைச் சூடாக்கி 1,700 ஆர்பிஎம்ல வைங்க. பஸ்ல 28 வோல்ட்டை ஒட்டி, கையேட்டுல இருக்கிற எண் நிக்கணும். லேண்டிங் லைட்டைப் போட்டு அணைச்சுப் பாருங்க: ஊசி ஒரு தடவை துள்ளி உடனே நிக்கணும். ரெகுலேட்டரை மாத்தினப்போ யாராவது ஆட்டத்தை அடக்க செட்டிங்கைத் திருகியிருந்தா இப்போ அது தப்பா இருக்கும், திரும்ப செட் பண்ணி, லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்கிட்ட லாக் புக்ல கையெழுத்து வாங்கிடுங்க. பஸ் 28.5ஐத் தாண்டாமலேயே ட்ரிப் ஆகிற மாதிரி இருந்தா, சாதா மீட்டரை நம்பி முடிவு பண்ணாதீங்க, கண் இமைக்கிற நேரத்துல வந்து போற ஏற்றம் அதுல விழாது. வேகமா பீக் பிடிக்கிற மீட்டர்லயும் ஏற்றம் தெரியலன்னா, அப்பதான் ஓவர் வோல்டேஜ் ரிலேயையே மாத்தணும்.