சமன்பாட்டில் எழுதப்படாத 1

வணக்கம், நேயர்களே. தொடக்கப்பள்ளியில் அளவுகளைப் பட்டைகளாக வரைந்து கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் இயற்கணிதத்துக்குள் நுழையும்போது, சமன்பாட்டை வாசித்துப் பார்க்காமலே தீர்க்கத் தொடங்கித் தடுமாறுவதை நான் வகுப்பில் தொடர்ந்து காண்கிறேன். ஆகவே இன்று ஒரே ஒரு சமன்பாட்டை நிதானமாக வாசிப்போம். தாள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: ஐந்து எக்ஸ் கழித்தல் 8, சமக்குறி, எக்ஸ் கூட்டல் 12.

நடுவிலுள்ள சமக்குறிதான் இதைச் சமன்பாடாக்குகிறது. அது இல்லையேல் இவை இரண்டு தனித்தனிக் கோவைகள், அதாவது எண்ணும் எழுத்தும் குறிகளும் சேர்ந்த தொடர்கள், அவ்வளவே. இந்த இரட்டைக் கோட்டை 1557இல் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு. கால்குலேட்டர் பழக்கத்தாலோ என்னவோ, பல பிள்ளைகள் அதை 'இதோ விடை' என்று அறிவிக்கும் குறியாகவே எண்ணுகிறார்கள். இடப்பக்க மதிப்பும் வலப்பக்க மதிப்பும் ஒன்றே என்று கூறுவதுதான் அதன் வேலை.

எக்ஸ் என்பது மாறி. தெரியாத எண்ணுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கம், 1637இல் வெளிவந்த, பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்தின் வடிவியல் நூலால் பரவியது. மாறி குறிப்பது எண்ணையே, பொருளை அன்று. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மூன்று பிராட்டா ரொட்டி வாங்கும் கணக்கில் 'பி' என்று எழுதினால், அது ஒரு பிராட்டாவின் விலையைக் குறிக்குமே தவிர பிராட்டாவைக் குறிக்காது.

இடப்பக்க எக்ஸை ஒட்டி நின்று அதைப் பெருக்கும் 5 அதன் கெழு. பிள்ளைகள் பள்ளியில் கோஎஃபிஷன்ட் என்று படிப்பதும் இதைத்தான். இரண்டுக்கும் இடையே ஒரு பெருக்கல் குறி எழுதப்படாமலே இருக்கிறது. வலப்பக்க எக்ஸின் கெழு என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சார்" என்பார்கள். சிலர் பூஜ்யம் என்பார்கள். கூட்டல், கழித்தல் குறிகளால் பிரியும் ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்பு; கெழு பூஜ்யமாக இருந்தால் அந்த உறுப்பே மறைந்துபோயிருக்கும். அங்கே இருப்பது 1. அதை எழுதாமல் விடுவது மரபு. எக்ஸ் ஒட்டாமல் தனியே நிற்கும் எஞ்சிய எண்கள் மாறிலிகள். ஆனால் உறுப்புகளைப் பிரிக்கும்போது முன்னுள்ள குறியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இடப்பக்கத்தின் இரண்டாம் உறுப்பை வெறும் 8 என்று எடுத்தால் கணக்கு அங்கேயே பிசகிவிடும், அது மைனஸ் 8.

இனித் தீர்ப்பதில் சிரமமில்லை. இரு பக்கத்திலிருந்தும் ஓர் எக்ஸைக் கழித்து, இரு பக்கத்திலும் 8ஐக் கூட்டினால், நான்கு எக்ஸ் சமம் 20. எக்ஸின் மதிப்பு 5. அதை முதற்சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: இரு பக்கமும் 17 வரும்.