பிஎஸ்4ல இருந்து பிஎஸ்5 போலாமா வேணாமா? என் முடிவு இதான்

வணக்கம் மக்களே. சோனியோட கேம் மெஷின் பிளேஸ்டேஷன் (பிஎஸ்) பத்தி ரொம்ப நாளா கமெண்ட்ல ஒரே கேள்வி, "ப்ரோ பிஎஸ்4 வச்சிருக்கேன், பிஎஸ்5 போலாமா இல்ல இதையே ஓட்டலாமா"ன்னு. நான் இவ்ளோ நாள் வாயத் திறக்காம இருந்ததுக்கு காரணம், நானே இன்னும் பிஎஸ்4 ஸ்லிம்ல (பிஎஸ்4ஓட சின்ன மாடல்) தான் உக்காந்திருக்கேன், நானே போகாம உங்கள எப்படி போகச் சொல்றது. இப்ப முடிவு பண்ணிட்டேன். எந்த மாடல், எப்ப, ஏன்னு எல்லாத்தையும் சொல்றேன், வீடியோ கொஞ்சம் நீளமா போகும், சாப்பிட்டுக்கிட்டே பாருங்க.

முதல்ல என்னை யோசிக்க வச்சது கிராபிக்ஸ் இல்ல மக்களே, எங்க கேங்கு. நைட்டு பத்து மணிக்கு மேல ஆன்லைன்ல ஃபுட்பால் ஆடுறது எங்க பழக்கம். எஃப்சி 26ங்கிற ஃபுட்பால் கேம் பிஎஸ்4லயும் தான் வந்துச்சு, அதுல பிரச்சனை இல்ல. ஆனா பிஎஸ்4 வெர்ஷன்ல ஆடுறவன் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் (மைக்ரோசாஃப்டோட பழைய கன்சோல்) ஆளுங்களோட மட்டும் தான் ஆட முடியும், பிஎஸ்5காரன் தனி ரூட்டு, அவன் புது எக்ஸ்பாக்ஸ், பிசி ஆளுங்களோட ஆடுவான். பசங்க ஒவ்வொருத்தனா பிஎஸ்5 மாறிட்டானுங்க, நான் மட்டும் இந்தப் பக்கம். பிஎஸ்5லயும் பிஎஸ்4 வெர்ஷன இன்ஸ்டால் பண்ணலாம், அப்படிப் பண்ணா என்கூட ஆட முடியும், அதச் சொன்னா "டேய் உனக்காக நாங்க பழைய கேம்ம ஆடணுமா"ன்னு கேக்குறானுங்க. அவனுங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பிஎஸ்4 வெர்ஷன்ல பிளேயருங்க நிஜமா ஓடுற மாதிரி காட்டுற அந்த ஹைப்பர்மோஷன் அனிமேஷன் எதுவும் கிடையாது, பேரு மட்டும் தான் 26.

ஆனா ஃப்ரெண்ட்ஸ் வாங்கிட்டாங்கன்னு பெரிய காச எடுத்து நீட்ட முடியுமா, வீட்ல சோறு போடுவாங்களா. அதனால உக்காந்து ஒழுங்கா யோசிச்சேன்.

என் டிவி சாதா 1080பி (ஃபுல் எச்டி), 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவ படம் மாறும். கடைல போய் நின்னா சேல்ஸ்ல இருக்கிறவர் முதல்ல 4கேன்னு ஆரம்பிப்பாரு, அப்புறம் 120 ஹெர்ட்ஸ்ம்பாரு, எச்டிஎம்ஐ 2.1ம்பாரு, கடைசில பிஎஸ்5 கூட ஒரு டிவியும் தலைல கட்டி அனுப்புவாரு. ஒரு கடைல என்கிட்டயே "சார் 4கே டிவி இல்லன்னா பிஎஸ்5 கனெக்ட்டே ஆகாது"ன்னு சொன்னாங்க மக்களே, முழுப் பொய் அது. சாதா 1080பி டிவில தாராளமா ஓடும். 2022 செப்டம்பர் அப்டேட்ல 1080பிக்கும் 4கேக்கும் நடுவுல இருக்கிற 1440பி சப்போர்ட்டும் குடுத்துட்டாங்க, அதனால பிசி மானிட்டர் வச்சிருக்கவங்களும் மாட்டலாம். 4கே ஷார்ப்னெஸ், 120 ஹெர்ட்ஸ் மாதிரி டிவிலயே இல்லாதது தான் உங்களுக்குக் கிடைக்காது, மத்ததெல்லாம் கிடைக்கும். அந்த மத்தது என்னன்னு தான் நான் பாக்குறேன்.

ஒண்ணு லோடிங். பிஎஸ்4 உள்ள இருக்கிறது நிமிஷத்துக்கு 5400 தடவ சுத்துற ஹார்ட் டிஸ்க், லேப்டாப்ல போடுற அதே சின்ன டிஸ்க் தான். பிஎஸ்5ல செகண்டுக்கு 5.5 ஜிபி படிக்கிற எஸ்எஸ்டி, சுத்துற பாகமே இல்லாத ஸ்டோரேஜ். 2019லயே மார்க் செர்னி, அவர் தான் ரெண்டு கன்சோலையும் டிசைன் பண்ண தலைமை ஆர்க்கிடெக்ட், ஸ்பைடர்மேன் கேம்ம வச்சு ஒரு டெமோ காமிச்சாரு, பிஎஸ்4 ப்ரோல (பிஎஸ்4ஓட பவரான மாடல்) ஃபாஸ்ட் டிராவல் பண்ண, அதாவது மேப்ல ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ, 15 செகண்ட் ஆச்சு, புது மெஷினோட டெவ்கிட்ல (கேம் செய்றவங்களுக்கான சோதனை மெஷின்) 0.8 செகண்ட். அப்ப அது ஏதோ விளம்பரம்னு தான் நெனச்சோம். இப்ப ஃப்ரெண்ட் வீட்ல போய்ப் பாத்தா, லோடிங் ஸ்க்ரீன்ல ஒரு டிப்ஸ் வரும்ல, அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கேம் வந்துடுது, டிப்ஸ யாருமே படிக்க முடியல. வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுறவனுக்கு இது பெரிய விஷயம் மக்களே, காலேஜ் பசங்களுக்கு இது புரியாது. ஆமா, பிஎஸ்4லயே சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் இடத்துலயே மாட்டுற வகை) மாத்திப் போடலாம், கொஞ்சம் வேகம் கூடும், ஆனா அந்த மெஷினோட மூளையான சிபியூ பழைய ஜாகுவார் சிப், 1.6 கிகாஹெர்ட்ஸ், டிஸ்க்க மாத்தினாலும் அது மாறாது.

ரெண்டாவது சத்தம். என் பிஎஸ்4ல காட் ஆஃப் வார் போட்டா அம்மா ஹால்ல இருந்து "டேய் யாருடா இந்நேரத்துல மிக்ஸி போடுறது"ன்னு கேப்பாங்க. சர்வீஸ் பண்ணலன்னு நெனைக்காதீங்க, நானே ஓப்பன் பண்ணேன், பின்னாடி அந்த நட்சத்திர ஓட்டை டார்க்ஸ் ஸ்க்ரூ இருக்கும், வாரன்ட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதக் கிழிச்சு கழட்டி மேல் மூடிய எடுத்தா ஃபேன் பிளேடு முழுக்க கறுப்பா தூசி, சூட்ட வெளியேத்துற உலோகமான ஹீட்சிங்க் ஓரத்துல நகத்த வச்சு இழுத்தா பட்டையா ஒரே துண்டா கையோட வருது. சிப்புல இருந்து ஹீட்சிங்குக்கு சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொடியா உதிருது. எல்லாம் சுத்தம் பண்ணி நம்ம சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பேஸ்ட் போட்டு மாட்டினேன், அமைதியாச்சு, ஒரு வெயில் காலம் போனதும் மறுபடி அதே கதை. சென்னைல கடல் காத்து, தூசி, ஏசி இல்லாத ரூம், மெஷின் பாவம் என்ன பண்ணும். பிஎஸ்5 பெரிய டப்பாவா இருக்கேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்கல்ல, அந்த சைஸ் பெரிய ஹீட்சிங்குக்கும் ஃபேனுக்கும் தான், அதனால தான் அது சத்தம் போடாம ஓடுது.

கரண்ட் விஷயமும் சொல்லிடுறேன். பிஎஸ்5 கேம் ஆடும்போது 200 வாட் பக்கம் இழுக்கும், பிஎஸ்4 ஸ்லிம் 100 கூட வராது. வீட்ல சின்ன இன்வெர்ட்டர் வச்சு ஓட்டுறவங்க ஃபேன், லைட்டு, டிவி, இது எல்லாத்தையும் ஒண்ணா அதுல போட்டு டிரிப் ஆயிடுச்சுன்னு அப்புறம் வந்து அழாதீங்க.

மூணாவது, எனக்கு முக்கியமா பட்டது இது தான். புது கேம்க்காக நான் வாங்கல, என் ஷெல்ஃப்ல இருக்கிற பழைய டிஸ்க்குக்காக வாங்குறேன். பிஎஸ்4 டிஸ்க்க பிஎஸ்5ல போட்டா அநேகமா எல்லாமே ஓடும், ஓடுறது மட்டும் இல்ல, நல்லா ஓடும். கோஸ்ட் ஆஃப் சுஷிமா பிஎஸ்4ல செகண்டுக்கு 30 ஃப்ரேம் (படம்), அதே டிஸ்க் பிஎஸ்5ல 60. 2018 காட் ஆஃப் வார், அதுக்கு 2021 பிப்ரவரில பேட்ச் (அப்டேட்) குடுத்து 60 ஆக்கிட்டாங்க. லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, அதே வருஷம் மே மாசம். இதெல்லாம் காசே கேக்காம குடுத்தது. 30க்கும் 60க்கும் வித்தியாசம் 4கே டிவி இல்லாமலே தெரியும், கேமராவ வலது பக்கம் ஒரு திருப்பு திருப்பினா போதும், கண்ணுக்கே தெரியும். எல்லா கேமுக்கும் இப்படின்னு நெனச்சுடாதீங்க, பிளட்போர்ன் மாதிரி சிலது இன்னும் 30லயே தான் கிடக்கு, அதுக்கு மோட்சம் எப்பன்னு அந்த சாமிக்கே வெளிச்சம்.

சில கேமுக்கு தனி பிஎஸ்5 வெர்ஷன் இருக்கும், காட் ஆஃப் வார் ரக்னராக், கிரான் டூரிஸ்மோ 7 மாதிரி, பிஎஸ்4 டிஸ்க் வச்சிருந்தா ஸ்டோர்ல கொஞ்சம் காசு கட்டி மாத்திக்கலாம், அமெரிக்காவுல 10 டாலர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு மட்டும் ரசிகர்கள் சண்டை போட்டு ஃப்ரீயா வாங்கிட்டாங்க. ஆனா மாத்தினதுக்கு அப்புறமும் ஆடும்போது அந்த பிஎஸ்4 டிஸ்க் உள்ள இருக்கணும், இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து சொல்லப்போறது இதுல தான் வந்து நிக்குது.

டிஸ்க் எடிஷனா, டிஸ்க் டிரைவே இல்லாம டவுன்லோடு மட்டும் பண்ற டிஜிட்டலா. பிஎஸ்5 ஸ்லிம் மாடல் இந்தியாவுக்கு 2024 ஏப்ரல்ல வந்தப்போ டிஸ்க் 54,990, டிஜிட்டல் 44,990. அப்ப வித்தியாசம் பத்தாயிரம். காசு மிச்சம்னு டிஜிட்டல் எடுத்துடாதீங்க மக்களே, அதுவும் பிஎஸ்4ல இருந்து வர்றவங்க. தனியா டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலன்னா, உங்க டிஸ்க் மொத்தமும் அன்னைக்கே அலங்காரப் பொருள் ஆயிடும். அப்புறம் நம்ம ஊர்ல கேம் வாங்குற விதமே வேற. ஸ்பைடர்மேன் 2 வந்தப்போ 4,999 ரூபாய், முழுசா அந்த காசு குடுத்து வாங்கி முடிச்சுட்டு வச்சிருக்கிறவன் எத்தன பேரு, ஒருத்தன் வாங்குவான், முடிப்பான், அடுத்தவனுக்குக் குடுப்பான், கடைசில கடைல செகண்ட்ஸ்ல போட்டு காச தேத்துவான். ஒரு கேமுக்கு 1,500 திரும்ப வந்தாலும் ஏழு கேம்ல அந்த பத்தாயிரம் வந்துடுச்சு. டிஜிட்டல்ல வாங்கினா அது உங்க அக்கவுண்ட்ல உக்காந்திருக்கும், விக்கவும் முடியாது, தம்பிக்கு தூக்கிக் குடுக்கவும் முடியாது. யார் டிஜிட்டல் எடுக்கலாம்னா பிஎஸ் பிளஸ் (சோனியோட சந்தா) போட்டுட்டு அதுல வர்றத மட்டும் ஆடுறவங்க, இல்ல ஒரே ஆன்லைன் கேம்ம வருஷம் பூரா ஆடுறவங்க, அவங்களுக்கு ஓகே.

"ப்ரோ"ன்னு கேக்காதீங்க, நான் பிஎஸ்5 ப்ரோவ சொல்றேன், பிஎஸ்5ஓட இன்னும் பவரான மாடல். 2024 நவம்பர்ல வெளிநாட்டுல வந்தப்போ அது இந்தியாவுக்கு வரவே இல்ல, அதுல இருக்கிற வைஃபை 7க்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேணும், அப்ப நம்ம ஊர்ல அதுக்கு அனுமதி இல்லன்னு சோனியே சொன்னாங்க. இம்போர்ட் பண்ணி விக்கிறாங்க, விலை தலை சுத்தும், வாரன்ட்டி கேக்காதீங்க. 1080பி டிவி வச்சிருக்கிற எனக்கு அது தேவையும் இல்ல. எக்ஸ்பாக்ஸ் பக்கம் போலாம்னா என் டிஸ்க் எதுவும் அங்க ஓடாது, பசங்களும் அங்க இல்ல, அதனால அந்த பேச்சே வேணாம். பிசி ஆளுங்க கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும், வாங்க வாங்க.

சரி, எப்ப வாங்குறது. முன்னாடியெல்லாம் கன்சோல் பழசாக பழசாக விலை இறங்கும், காத்திருந்தா லாபம். பிஎஸ்2 அமெரிக்காவுல 299 டாலர்ல வந்து கடைசில 99 டாலர் வரைக்கும் இறங்குச்சு. பிஎஸ்4 399ல வந்து மூணே வருஷத்துல ஸ்லிம் 299. பிஎஸ்5ல எல்லாம் தலைகீழ், 2020ல 499 டாலருக்கு வந்தது 2025 ஆகஸ்ட்ல 549 ஆயிடுச்சு. நம்ம ஊர்லயும் 2021 பிப்ரவரில 49,990க்கு வந்து 2022 நவம்பர்ல 54,990 ஆச்சு. அதனால "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு சீப்பா வாங்கிக்கலாம்"னு இருக்கிறவங்க அந்த நெனப்ப விட்டுடுங்க. நம்மளுக்கு இருக்கிறது தீபாவளி மாதிரி ஆஃபர் டைம் தான், அப்ப அஞ்சாயிரம் குறைச்சு விட்டிருக்காங்க. நானும் அடுத்த ஆஃபர்ல தான் தூக்கப்போறேன், டிஸ்க் எடிஷன். விலை மாறிக்கிட்டே இருக்கு, வாங்குற அன்னைக்கு நீங்களே ஒருவாட்டி பாத்துக்கோங்க.

ஜிடிஏ 6க்காக வாங்கலாமான்னு தினமும் நூறு பேர் கேக்குறீங்க. அது பிஎஸ்4க்கு கிடையாது, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும் தான். ஆனா அத செய்ற கம்பெனி ராக்ஸ்டார் முதல்ல 2025ன்னாங்க, அப்புறம் 2026 மே 26ன்னாங்க, அப்புறம் நவம்பர் 19ன்னு தள்ளினாங்க. ஒரு கேம நம்பி மெஷின வாங்கி தூசி தட்டிக்கிட்டு இருக்காதீங்க, கைல ஆட வேற எதுவும் இல்லன்னா கேம் ரிலீஸ் ஆகி ரிவ்யூ வந்ததும் வாங்குங்க, என்ன இப்போ.

யார் மாற வேணாம்னும் சொல்லிடுறேன். வாங்கி வச்சு இன்னும் பிரிக்காத பிஎஸ்4 கேம் அஞ்சாறு இருக்கா, தனியா கதை கேம் மட்டும் ஆடுறீங்களா, மெஷின் சத்தம் போடாம ஓடுதா, இருங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. எல்டன் ரிங், ரக்னராக் எல்லாம் பிஎஸ்4லயே இருக்கு. பிஎஸ் பிளஸ்ஸ நம்பி இருக்கிறவங்க மட்டும் கவனிங்க, 2026 ஜனவரில இருந்து மாசாமாசம் குடுக்கிற கேம்ல பிஎஸ்4 கேம் முக்கியமா இருக்காது, எப்பவாச்சும் வரும்னு சோனி சொல்லிட்டாங்க, அதுக்குன்னு இனிமே வருஷ சந்தா கட்டாதீங்க.

பட்ஜெட் இடிக்குது, செகண்ட்ஸ் பிஎஸ்5 எடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, எடுக்கலாம், ஆனா கடைலயே மாட்டி ஓட்டிப் பாருங்க. உங்க வீட்ல இருந்து ஒரு டிஸ்க் எடுத்துட்டுப் போய் போட்டு இன்ஸ்டால் ஆகுதான்னு பாருங்க, ஸ்லிம்ல டிஸ்க் டிரைவ் கழட்டி மாட்டுற மாதிரி தனியா வரும், புதுசா மாட்டினா முதல் தடவ இன்டர்நெட்ல கனெக்ட் பண்ணி அந்த மெஷினோட சேக்கணும், அதனால ஃபோன் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி கடைக்காரர் முன்னாடியே சேத்துக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் கண்ட்ரோலர கீழ வச்சுட்டு கைய எடுத்துடுங்க, ஏதாச்சும் ஒரு கேம்ல ஆள் தானா நகர்ந்தா ஸ்டிக் டிரிஃப்ட், புது டூயல்சென்ஸ் (பிஎஸ்5 கண்ட்ரோலர்) விலைய அப்படியே கழிச்சுக்கிட்டு பேரம் பேசுங்க. உங்க பழைய பிஎஸ்4 கண்ட்ரோலர் டூயல்ஷாக் 4 இருக்கேன்னு நெனைக்காதீங்க, அது பிஎஸ்5ல பிஎஸ்4 கேமுக்கு மட்டும் தான் வேலை செய்யும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், பிஎஸ்4 கேம் அதுல இருந்தே ஓடும், பிஎஸ்5 கேம்ம அதுல தூக்கி வைக்கலாம், ஆட முடியாது. நான் வாங்கினதும் பிஎஸ்4ல இருக்கிற சேவ் (எங்க விட்டோமோ அந்த கேம் பதிவு) எல்லாத்தையும் லேன் கேபிள் போட்டு மாத்துறத அப்படியே ஷூட் பண்ணிப் போடுறேன், பழைய மெஷின அதுக்கு முன்னாடி வித்துடாதீங்க.