ஹெக்டர் ஏன் ஓடினான்?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கிரேக்க இலக்கியத்தில் வீரம், மானம், மனித குணம் என்று பெரிய தலைப்பாகக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் நடக்கிற காரியமில்லை. அதனால் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் பெயர் ஹெக்டர். ட்ராய் நகரத்து இளவரசன், கிரேக்கர்களுக்கு எதிரி. இலியட் காவியத்தைப் பாடிய ஹோமர் கிரேக்கர், உட்கார்ந்து கேட்டவர்களும் கிரேக்கர்கள். இருந்தாலும் அந்தக் காவியத்தில் மனசுக்கு மிக நெருக்கமான ஆள் இந்த எதிரிதான் என்பது என் கட்சி. நண்பர்கள் நிறையப் பேர் இதை என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், இன்று உங்கள் முறை.

முதலில் ஒரு விஷயம். இலியட் என்றதும், கிரேக்கர்கள் உள்ளே ஒளிந்து ட்ராய்க்குள் நுழைந்த அந்த மரக்குதிரை எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. வராது. 24 பாகம், பதினைந்தாயிரம் வரிக்கு மேல், ஆனால் பத்து வருடப் போரில் கடைசி வருடத்துச் சில வாரங்கள்தான் கதை. கிரேக்கத் தளபதி அகமெம்னன், படையே பரிசாகக் கொடுத்த பெண்ணை எல்லார் முன்னாலும் தன் படையின் மிகப் பெரிய வீரனான அக்கிலிஸிடமிருந்து பறிக்கிறான். அக்கிலிஸ் கோபித்துக்கொண்டு போருக்கு வராமல் உட்கார்ந்துவிடுகிறான். அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு போன உயிர் நண்பன் பாட்ரோக்ளஸை ஹெக்டர் கொன்று, அந்தக் கவசத்தை உரித்துத் தானே போட்டுக்கொள்கிறான். அக்கிலிஸ் திரும்பி வருகிறான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்று ராத்திரி ட்ராய்ப் படையில் பொலிடமஸ் என்று ஒருவன் எழுந்து, "அக்கிலிஸ் வந்துவிட்டான், வெட்டவெளியில் தங்க வேண்டாம், இப்போதே ஊருக்குள் போய் மதில்மேல் நின்று சமாளிப்போம்" என்கிறான். இவன் ஹெக்டர் பிறந்த அதே ராத்திரியில் பிறந்தவன், அவன் ஈட்டியில் கெட்டிக்காரன், இவன் பேச்சில். ஹெக்டர் அவனை முறைத்து, இத்தனை வருடம் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தது போதாதா என்கிறான். படையே அவனுக்குத்தான் ஆரவாரம் செய்கிறது. நல்ல யோசனைக்கு ஒரு கை தட்டல்கூட இல்லை. (எந்தக் கூட்டத்தில்தான் இருந்தது?)

மறுநாள் அக்கிலிஸ் ஆற்றையே பிணத்தால் அடைத்துவிடுகிறான். பிழைத்தவர்கள் ஊருக்குள் ஓடி ஒளிகிறார்கள். ஹெக்டர் மட்டும் கோட்டை வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

மதில்மேல் அப்பா பிரையம் தலைமயிரைப் பிடுங்கிக்கொண்டு அழுகிறார். நீ செத்தால் நான் சோறு போட்டு வளர்த்த நாய்களே என்னைத் தின்னும் என்கிறார். அம்மா ஹெக்குபா மார்பைத் திறந்து காட்டி, இந்தப் பாலுக்காவது இரக்கப்படு மகனே, உள்ளே வந்து சண்டை போடு என்கிறாள். இந்த இடத்தில் நம் ஆட்களுக்குப் புறநானூற்றுத் தாய் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டாள். மகன் போரில் முதுகு காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்டு, அப்படியானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்து எறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனவள். அதே மார்பு, அதே மகன், இரண்டு தாய்க்கும் எவ்வளவு தூரம்! பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்ஹாமில் செய்த முனைவர் பட்ட ஆய்வே சங்கப் பாட்டின் வீரயுகத்தைக் கிரேக்க வீரயுகத்தோடு வைத்துப் பார்த்ததுதான். அதற்குள் நுழைந்தால் வெளியே வர முடியாது, விடுங்கள்.

சரி, ஹெக்டர் ஏன் உள்ளே போகவில்லை? தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். உள்ளே போனால் முதலில் பொலிடமஸ் குத்திக்காட்டுவான். அப்புறம் என்னைவிடக் கீழான எவனாவது ஒருத்தன், தன் பலத்தை நம்பி ஊரையே அழித்தான் ஹெக்டர் என்று சொல்வான். அதைக் கேட்பதைவிட இங்கேயே நிற்கலாம். கவனியுங்கள், ராத்திரி செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரிகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் அவனை வெளியே நிறுத்துகிறது. பேசாமல் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, போருக்கே காரணமான ஹெலனையும் ஊர்ச் சொத்தில் பாதியையும் தருகிறோம் என்று சமாதானம் பேசினால் என்ன என்றுகூட நினைக்கிறான். இவ்வளவும் ஈட்டியோடு எதிரி நெருங்கி வந்துகொண்டிருக்கும்போது.

அக்கிலிஸ் கிட்டே வருகிறான், கவசம் நெருப்பாக மின்னுகிறது. ஹெக்டருக்கு உடம்பு நடுங்குகிறது, ஓட்டம் பிடிக்கிறான். ஆமாம், ஓடுகிறான். ஊருக்கே காவலாக இருந்தவன், ஊரே மதில்மேல் நின்று பார்க்க, மதிலைச் சுற்றி மூன்று முறை ஓடுகிறான். ஹோமர் இதை மூடி மறைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. முன்னால் ஓடினவன் நல்லவன், துரத்தினவன் அவனைவிடப் பெரியவன், ஓட்டப்பந்தயத்தில் கொடுக்கிற மாட்டுத்தோலுக்காக அவர்கள் ஓடவில்லை, ஹெக்டரின் உயிருக்காக ஓடினார்கள் என்கிறார். கனவில் துரத்துகிறவனுக்குப் பிடிக்க முடியாமலும் ஓடுகிறவனுக்குத் தப்ப முடியாமலும் இருக்குமே, அப்படி என்கிறார். அந்தக் கனவு எல்லாருக்கும் வந்திருக்கும்.

ஓடுகிற வழியையும் சொல்கிறார். ஒரு காட்டத்தி மரத்தைத் தாண்டுகிறார்கள். முன்பு ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகி, கைக்குழந்தை பக்கத்தில் இருக்க, வெளியே போகாதே, அந்த அத்தி மரத்தடியில் மதில் பலவீனமாக இருக்கிறது, படையை அங்கே நிறுத்து என்று அழுதாளே, அங்கேயும் ஓர் அத்தி மரம் வந்தது. அப்புறம் இரண்டு ஊற்றுகள். ஒன்றில் வெந்நீர், ஆவி பறக்கும். இன்னொன்று கோடையிலும் பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருக்கும். பக்கத்தில் அகலமான கல் தொட்டிகள், கிரேக்கர்கள் வருவதற்கு முன்னால், சமாதான காலத்தில், ஊர்ப் பெண்கள் துணி துவைத்த இடம். உயிருக்கு ஓடுகிறவனை விட்டுவிட்டுத் துவைக்கிற தொட்டியைப் பற்றிப் பேச ஒரு கவிஞனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! எதை இழக்கப்போகிறார்கள் என்பது அந்தத் தொட்டியிலேயே இருக்கிறது. இடையில் அக்கிலிஸ் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், யாரும் அம்பு விடக் கூடாது என்று. வேறு எவனாவது அடித்துவிட்டால் பெயர் அவனுக்குப் போய்விடுமாம்.

ஓட்டம் எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிரேக்கர் பக்கம் இருக்கிற அத்தீனா தேவி ஹெக்டரின் தம்பி டெயிஃபோபஸ் உருவத்தில் வந்து, அண்ணா, நானும் நிற்கிறேன் என்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறான் என்றதும் அவனுக்குத் துணிவு வந்துவிடுகிறது, நிற்கிறான். ஈட்டியை எறிகிறான், அது கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. இன்னொரு ஈட்டி கொடு என்று திரும்பினால் தம்பி இல்லை. அந்த நிமிடம் எல்லாம் புரிகிறது. இப்போது அவன் ஓடவில்லை. சும்மா சாக மாட்டேன், பின்னால் வருகிறவர்கள் கேட்கும்படி ஒன்று செய்துவிட்டுச் சாகிறேன் என்று வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். பயமே அறியாதவன் இதைச் செய்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. மூன்று சுற்று ஓடியவன் செய்கிறான்.

ஓட்டத்தைப் பற்றி வேறு மாதிரி நினைத்த கிரேக்கர்களும் உண்டு. கி.மு. ஏழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்க்கிலோக்கஸ், போரில் கேடயத்தைப் புதரோரம் போட்டுவிட்டு ஓடியதைத் தானே பாட்டாகப் பாடினார். கேடயம் போனால் போகட்டும், உயிர் பிழைத்தது, இன்னொன்று வாங்கிக்கொள்வேன் என்று. எனக்கு இவரையும் பிடிக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். கிழவர் பிரையம் ராத்திரியில் எதிரி முகாமுக்குப் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளையே முத்தமிட்டு ஹெக்டரின் உடலைக் கேட்பதையும், இரண்டு பேரும் சேர்ந்து அழுவதையும், அதற்கப்புறம் சாப்பிடுவதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் அக்கிலிஸின் ஆவி, செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட ஒரு ஏழையிடம் கூலி வேலை செய்து உயிரோடு இருக்கலாம் என்கிறது. தத்துவஞானி பிளேட்டோ அந்த வரிகளை நீக்கச் சொன்னார், சாவுக்கு அஞ்சாத ஆட்களை வளர்க்க அது உதவாது என்று. கி.மு. 409இல் மேடையேறிய சோஃபோக்ளிஸின் ஃபிலோக்டீட்டிஸ் நாடகத்தில் அக்கிலிஸின் மகன் ஒரு நோயாளியை ஏமாற்றி வில்லை வாங்கிவிட்டு, திரும்ப வந்து கொடுத்துவிடுகிறான். ஏன் கொடுத்தான் என்பதற்கே தனியாக அரை மணி வேண்டும். மறுபடி கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.