கேம் கேரக்டர் போட்டிருக்குற மோதிரம் கண்ணுக்குத் தெரியணுமா?

[திரையில்: நாலு தாயத்து மாட்டின கேரக்டர். உடம்புல ஒண்ணும் தெரியல.]

எல்டன் ரிங்ல நாலு தாயத்து வரைக்கும் மாட்டலாம். ஒண்ணுகூட உடம்புல தெரியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்லயும் மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் பவர் கணக்கோட சரி, உடம்புல தெரியாது. ஆனா ஃபைனல் ஃபேன்டஸி 14-ல தோடு, நெக்லஸ், காப்பு, ரெண்டு கை மோதிரம் எல்லாமே தெரியும்.

எதைக் காட்டலாம்னு முடிவு பண்ண, கேமரா எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு முதல்ல பாருங்க.

[திரையில்: பின்னாலிருந்து கேரக்டர். மோதிர விரலைச் சுத்தி வட்டம்.]

1080பி திரையில, 180 செ.மீ. உயரமுள்ள கேரக்டர் 600 பிக்சல் உயரத்துக்கு நிக்குதுன்னு வெச்சுக்கங்க. ஒரு பிக்சல் 3 மி.மீ. அப்போ 6 மி.மீ. அகல மோதிரத்துக்கு ரெண்டே பிக்சல். கேரக்டர் ஓடும்போது அது மினுக் மினுக்குனு துடிக்கும். இல்லேன்னா ஓரங்களை மழுப்புற ஆன்டி-அலியாசிங்ல கரைஞ்சிடும். அதே கேரக்டர் பேசுற காட்சியில 24 செ.மீ. முகம் 720 பிக்சலுக்கு வருது. இப்போ 3 செ.மீ. ஜிமிக்கிக்கு 90 பிக்சல்! அது ஆடுறது, வெளிச்சத்தைப் பிடிக்கிறது எல்லாம் தெரியும்.

அதனால மூணாம் நபர் கேம்ல, அதாவது கேரக்டரை வெளியிலருந்து பார்க்குற கேம்ல, தோடும் பதக்கமும் கண்டிப்பா தெரியணும்னுதான் நாங்க சொல்லுவோம். மோதிரத்தை விட்டுடலாம். முதல் நபர் பார்வைன்னா தலைகீழ்: கை எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கு, மோதிரம் இல்லேன்னா ஏமாத்தின மாதிரி இருக்கும்.

[திரையில்: விரல் மடங்கும்போது மோதிரத்தைத் துளைச்சுட்டு வர்ற தோல்.]

கேரக்டரை அசைக்குறது உள்ள இருக்குற டிஜிட்டல் எலும்புகள்; எந்த எலும்பு எவ்வளவு இழுக்கும்ங்கற அளவுதான் வெயிட். மோதிரத்தை ஒரே விரல் எலும்போட 1.0 வெயிட்ல, அதாவது முழுசா, கட்டுங்க. ரெண்டு எலும்புக்குப் பங்கு போட்டா, விரல் மடங்குறப்ப வட்டம் நசுங்கிடும். மூட்டுல வைக்காம, விரல் அடிக்கும் அடுத்த மூட்டுக்கும் நடுவுல வைங்க. அங்கதான் தோல் குறைவா அசையும். கையுறை போட்டா மோதிரத்தை மறைச்சிடுங்க.

உண்மையான தலைவலி கழுத்துல. 40 சட்டை, 20 மாலைன்னா 800 ஜோடி. ஒவ்வொண்ணா யாரும் சோதிக்க முடியாது. சட்டைகளைக் கழுத்து வெட்டை வெச்சு நாலு வகையா, மாலைகளை நீளத்தை வெச்சு மூணு வகையா பிரிங்க. 12 சோதனையில முடிஞ்சிடும். பொருந்தாத ஜோடியில மாலை தானா மறையட்டும். விட்சர் 3-ல கெரால்ட்டோட ஓநாய்ப் பதக்கம் அவ்வளவு அழகா அமைஞ்சதுக்கு, ஒரே நாயகன், ஒரே பதக்கம்ங்கறதும் ஒரு காரணம்.

சங்கிலிக்கு வளையம் வளையமா மெஷ் (3டி வடிவம்) போடாதீங்க. தட்டையான பட்டை, அதுமேல ஆல்பா டெக்ஸ்சர் (இடைவெளி ஊடுருவித் தெரியுற படம்) போதும். சங்கிலியோட வெயிட்டை உடம்பு மெஷ்லருந்தே காப்பி பண்ணுங்க, அப்பதான் தோளோட சேர்ந்து அசையும். பதக்கத்துக்கு மட்டும் ரெண்டு எலும்பு, ஸ்பிரிங் அசைவு, நெஞ்சுல ஒரு கேப்சூல் கொலிஷன் (பதக்கம் உடம்புக்குள்ள போகாம தடுக்குற, கண்ணுக்குத் தெரியாத மாத்திரை வடிவம்).

டிரா காலையும் (இதை வரைன்னு கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போற கட்டளை) கவனிங்க. தனி மெட்டீரியலோட அஞ்சு நகை, திரையில 20 பேருன்னா 100 டிரா கால் கூடும். நிழலுக்கு இன்னொரு தடவை. எல்லா நகைக்கும் ஒரே அட்லஸ் (எல்லா டெக்ஸ்சரும் சேர்ந்த ஒரே படம்) வைங்க, மெஷ்ஷைச் சேர்த்திடுங்க, மோதிரத்துக்கு நிழலை அணைச்சிடுங்க. எல்ஓடி 1-லயே (கேரக்டர் கொஞ்சம் தள்ளிப் போனதும் வர்ற எளிய வடிவம்) மோதிரம் போகட்டும்.

[திரையில்: வில் இழுக்குற அனிமேஷன், மெதுவா.]

கடைசியா, நிக்குற போஸ்ல பார்த்துட்டு ஓகே சொல்லிடாதீங்க. குனியுறது, உருளுறது, வில் இழுக்குறது மூணையும் ஓட்டிப் பாருங்க. தோள் பின்னாடி போய் நெஞ்சு விரியுற அந்த நொடியிலதான் பதக்கம் சட்டைக்குள்ள புதைஞ்சு போகும். அங்க புதைஞ்சா, கேப்சூலை அரை செ.மீ. பெருசாக்கி மறுபடி ஓட்டுங்க.