வவுச்சர் கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படித்துவிடுமா?

வணக்கம். அரசுப் பள்ளிக்குச் செலவாகும் பணத்தைப் பெற்றோர் கையில் வவுச்சராகக் கொடுத்துவிட்டால், பிடித்த தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களே, அதில் என்ன தப்பு? இந்தக் கேள்விக்குத்தான் இன்றைய வீடியோ.

அமெரிக்காவில் 1990-ல் மில்வாக்கி நகரில் வவுச்சர் வந்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவே இல்லை. தலைநகர் வாஷிங்டனில் வவுச்சர் கிடைத்தவர்களில் 82 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடித்தார்கள், கிடைக்காதவர்களில் 70. லூசியானா மாநிலத்திலோ வவுச்சரில் போன பிள்ளைகளுக்குக் கணக்கு மதிப்பெண் சரிந்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

நமக்கு ஆந்திராவே போதும். மாநிலம் பிரிவதற்கு முன்னால், 2008-ல், 180 கிராமங்களில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. செய்தவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன். எந்த ஊருக்கு வவுச்சர் என்பதற்கு ஒரு குலுக்கல், அந்த ஊரில் விண்ணப்பித்தவர்களில் யாருக்கு என்பதற்கு இன்னொரு குலுக்கல். இரண்டு குலுக்கல் எதற்கு? நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் போய்விட்டால் அரசுப் பள்ளியில் மிஞ்சியவர்கள் கெட்டுப்போவார்களா என்று, வவுச்சர் வராத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அப்படி எதுவும் ஆகவில்லை. இது நிம்மதியான செய்தி.

நான்கு வருடம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் வவுச்சர் பிள்ளைகளுக்கும் குலுக்கலில் கிடைக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இந்தியில் மட்டும் நல்ல முன்னேற்றம். டைம்டேபிளைப் பார்த்தால் காரணம் புரியும். தனியார் பள்ளிகளில் தெலுங்குக்கு 40 சதவீதமும் கணக்குக்கு 32 சதவீதமும் நேரம் குறைவு; அந்த நேரம் இங்கிலீஷுக்கும் இந்திக்கும் போயிருக்கிறது. அதோடு, ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அதே படிப்பு, குறைந்த செலவு, அப்போது வவுச்சர்தானே லாபம்?" என்பார்கள். அரசு கஜானாவுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிக்கனம் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்து வந்தது. என் பிள்ளை கூடுதலாக என்ன கற்றது என்று கேட்கும் அம்மாவுக்கு அது பதில் ஆகாது. இன்னொன்று, தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் ஆங்கில வழிக்குப் போனவர்களைவிட நன்றாகச் செய்ததாகவே தெரிகிறது. ஒன்றாம் வகுப்பில் புரியாத மொழியில் கணக்குப் படித்தால் வேறென்ன ஆகும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். மெட்ரிக் பள்ளிகளில் ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டப்படி கொடுக்கும் 25 சதவீத சீட்டும் ஒரு வகையில் வவுச்சர்தான், கட்டணத்தை அந்தப் பள்ளிக்கு அரசே கொடுக்கிறது. எல்கேஜிக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பள்ளியில் மூன்று விஷயம் கேளுங்கள். வேனுக்கும் புத்தகத்துக்கும் தனியாக எவ்வளவு? முதல் மூன்று வகுப்புகளில் தமிழுக்கும் கணக்குக்கும் வாரத்துக்கு எத்தனை பீரியட்? ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.