புதிய நாவலும் நூலகரின் பரிந்துரையும்

அவைத்தலைவர் அவர்களே, நூலகத் துறை நண்பர்களே, வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகாத நாவலை நாம் யாரை நம்பி எடுத்துப் படிக்கிறோம்? பழைய நாவலைப் பற்றிப் படித்தவர்கள் பேசுவார்கள். பரிசு பெற்ற நாவலுக்குப் பரிசே சாட்சி. புதிய நாவலுக்கோ பின்னட்டையில் பதிப்பகம் அச்சிட்ட புகழுரை மட்டுமே துணை. அந்த வெற்றிடத்தில் நூலகரின் சொல் நிற்க முடியும் என்பதை அமெரிக்கப் பொது நூலகங்களின் ஊழியர்கள் 2013 முதல் செய்துகாட்டி வருகிறார்கள்.

அந்த ஏற்பாட்டுக்கு ‘லைப்ரரிரீட்ஸ்’ என்று பெயர். அந்தந்த மாதம் வெளிவரும் நூல்களிலிருந்து பத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றில் நாவல்களே மிகுதி. இதற்கென்று நடுவர் குழு கிடையாது. பொது நூலகத்தில் பணிபுரியும் எவரும், பதவி எதுவாயினும், வாக்களிக்கலாம். நூல் கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே ‘நெட்கேலி’, ‘எடல்வைஸ்’ போன்ற தளங்கள் வழியாகப் பதிப்பகங்கள் மின்படிகளை அனுப்பிவிடுவதால், வாக்களிப்பவர் படித்துவிட்டே வாக்களிக்க இயலுகிறது. தேர்வான நூலுக்கு ஒருவர் சில வரிகள் எழுதுகிறார். அவற்றின் கீழே அவர் பெயரும், அவருடைய நூலகத்தின் பெயரும், ஊரும் இடம்பெறுகின்றன. இந்தக் கையொப்பத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். விளம்பரம் எழுதியவரை வாசகர் ஒருநாளும் சந்திப்பதில்லை. நூலகரையோ, புத்தகத்தைத் திருப்பித் தரும் நாளில் நேருக்கு நேர் சந்திக்கிறார், பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லியும் விடுகிறார்.

2013 செப்டம்பரில் வந்த முதல் பட்டியலில் முதலிடம் பெற்றது ரெயின்போ ரோவெல் எழுதிய ‘ஃபேன்கேர்ள்’. தனக்குப் பிடித்த கதைத் தொடரின் மாந்தர்களை வைத்துத் தானும் கதை எழுதிவரும் ஒரு பெண், கல்லூரியின் முதலாண்டில் படும் தவிப்பைச் சொல்லும் நாவல் அது. பதிப்பகம் அதை இளையோருக்கான நாவலாக வெளியிட்டது. பெரியவர்களுக்கான பட்டியலிலோ நூலக ஊழியர்கள் அதை முதலில் வைத்தார்கள். எந்த அடுக்குக்கு உரிய நூல் என்று பாராமல், யார் யார் இதை விரும்பிப் படிப்பார்கள் என்று பார்த்த தேர்வு என்றே நான் அதைக் கொள்கிறேன். பலமுறை இடம்பெற்றுவிட்ட எழுத்தாளர்களைப் பின்னாளில் தனி வரிசைக்கு மாற்றி, பத்து இடங்களையும் மற்றவர்களுக்கு ஒதுக்கியதும் நல்ல முடிவு. முதல் நாவல் எழுதியவருக்கு அந்த ஓர் இடம் எவ்வளவு பெரிது!

இல்லினாய் மாநிலத்து டவுனர்ஸ் குரோவ் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுனுடன் சேர்ந்து, வாசகருக்கு ஏற்ற நூலைப் பரிந்துரைக்கும் கலைக்கென்றே 1989இல் ஒரு கையேடு எழுதினார். நீங்கள் விரும்பிப் படித்த ஒரு நூலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வாசகரைக் கேட்பது அவர் காட்டிய வழி. கதை விரைந்து ஓட வேண்டுமா, நின்று நிதானமாகச் செல்ல வேண்டுமா, கதைமாந்தர் முக்கியமா, கதை நடக்கும் களம் முக்கியமா என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931இலேயே விதி வகுத்தார். இவ்விரண்டில் பின்னது, புதிய நாவலுக்குத்தான் மிகக் கூர்மையாகப் பொருந்துகிறது. அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கிறார், இப்படி ஒரு நூல் வந்திருப்பதை அறியாமல்.

நூலகங்களின் பரிந்துரைக்கு உலக அளவில் சான்று, 1996 முதல் வழங்கப்படும் டப்ளின் இலக்கிய விருது. பல நாட்டு நூலகங்கள் முன்மொழியும் நாவல்களிலிருந்தே நடுவர்கள் தேர்வு செய்கிறார்கள். பரிசுத் தொகை 1,00,000 யூரோ. மொழிபெயர்ப்பு நாவல் வென்றால் அதில் கால்பங்கு மொழிபெயர்ப்பாளருக்கு. 2023இல் வென்றது காட்யா ஓஸ்காம்ப் எழுதிய ‘மார்ட்சான், மோன் அமூர்’. கிழக்கு பெர்லின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் முதியவர்களின் பாதங்களைப் பராமரிக்கும் ஒரு பெண் சொல்லும் சிறு நூல் அது. உரத்த விளம்பரத்துக்கு இடமே இல்லாத இத்தகைய நூல்களை உலகின் முன் வைக்க நூலகங்களால் முடிகிறது.

இங்கே வந்திருக்கும் பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழில் புதிய நாவல்கள் பெரும்பாலும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே வெளிவருகின்றன. அச்சுக்குப் போகும் மின்கோப்பை, முதல் நாவல்களுடையதையேனும், படிக்க விரும்பும் நூலகர்களுக்கு நவம்பரிலேயே அனுப்பி வையுங்கள். நூலக நண்பர்களே, உண்மையாகவே பிடித்திருந்தால் மட்டும் நான்கு வரி எழுதி, உங்கள் பெயரையும் நூலகத்தின் பெயரையும் இட்டு, ‘புதிய வரவுகள்’ அடுக்கில் ஒட்டுங்கள். நூல் வந்துசேரத் தாமதமானாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும். அதைப் படித்துவிட்டுக் கேட்டு வருவோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டால், எத்தனை படிகள் வேண்டும் என்று எழுதிக் கேட்பதற்கு அந்தப் பெயர்ப்பட்டியலே ஆதாரமாகும்.