உங்கள் வரைபடத்தில் இந்த ஆறு ஓடவே முடியாது!

[திரையில்: கற்பனைத் தீவு ஒன்று. மலையில் பிறந்த ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் போகிறது.]

இந்தத் தீவில் ஒரு பிழை இருக்கிறது. ஐந்து விநாடி தருகிறேன், தேடுங்கள்.

ஆறுதான்! மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். இப்படிப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போவது மிக மிக அபூர்வம்.

கணினியில் கற்பனை நிலம் உருவாக்குபவர்கள் பெரும்பாலும் கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985-ல் வெளியிட்ட 'நாய்ஸ்' முறையில், அதாவது சீரற்ற எண்களை மென்மையாக இணைத்து மேடுபள்ளம் வரையும் முறையில், தொடங்குகிறார்கள். மலைகள் அழகாக வரும். ஆனால் எங்கு பார்த்தாலும் வாய் மூடிய பள்ளங்கள். மழை பெய்தால் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும், கடலுக்குப் போகாது.

இதைத் தீர்க்கும் 'பிரையாரிட்டி ஃபிளட்' என்ற வழிமுறை என்னை மயக்கிவிட்டது. மலையுச்சியை விடுங்கள், கடலோரத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள்!

[திரையில்: சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் உயரம்.]

கைக்கு எட்டிய கட்டங்களில் எது மிகத் தாழ்வோ, அதை முதலில் எடுக்க வேண்டும். இதோ, 40 உயரமுள்ள ஒரு கணவாய்க்கு வந்துவிட்டோம். அதற்கு அப்பால் 31, அடுத்து 28. பள்ளம்! இரண்டையும் 40 வரை நிரப்புகிறோம். ஓர் ஏரி பிறந்துவிட்டது, வழிந்தோடும் வாயும் தெரிந்துவிட்டது. எந்தக் கட்டத்தின் வழியாக வந்தோம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறித்துக்கொண்டே போங்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துத் திரும்பி நடந்தால், அதுதான் ஆறு. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வெளிவழி என்பதால் ஆறு பிரியவே முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வீடியோவை நிறுத்தி, கட்டம்போட்ட தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அரிப்பு இதற்குப் பிறகு எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளி விட்டு, கீழே எத்தனை துளி சேர்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைச் சரிவால் பெருக்கி, அதற்கேற்ப நிலத்தைக் குடையுங்கள். பல சுற்றுகள் ஓடவிட்டால் பள்ளத்தாக்குகள் தாமாகவே தோன்றும்.

இனி அந்த அபூர்வம். வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து காசிகியாரே பிரிந்து, 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, ரியோ நீக்ரோ வழியாக அமேசானில் கலக்கிறது. 1800-ல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் அதில் படகில் பயணம் செய்தார். நிலம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால்தான் அங்கே அது நடக்கிறது. ஆகவே உங்கள் உலகிலும் பிரியும் ஆறு ஒன்று வேண்டுமென்றால், மலைச்சரிவில் வேண்டாம், தட்டையான சமவெளியில் வையுங்கள். வைத்த வரைபடத்தைக் கருத்துப் பகுதியில் காட்டுங்கள்; அதன் ஏரிகளுக்கு வாய் எங்கே என்று நான் தேடிப் பார்க்கிறேன்.